மாடு மேய்ப்பது தண்டனையா?



நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஒரு வசனம் உண்டு. பரீட்சையில் மதிப்பெண் குறைந்து பிள்ளை வீட்டுக்கு வருகிறான். தகப்பனார் கோபத்தோடு சொல்லுகிறார்: "நீ இப்படியே இருந்தால் மாடு மேய்க்கத்தான் போவாய்!" சொல்லுகிறவர் யார்? பல வீடுகளில் அவரே மாடு வைத்திருப்பவர். விடியற்காலையில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து, காலில் ஒட்டின சேறு காயுமுன்னே திண்ணையில் உட்கார்ந்து இதைச் சொல்லுகிறார். கேட்கிற பிள்ளையோ, தன் தகப்பனார் ஏதோ குற்றத்துக்குத் தண்டனை அனுபவிக்கிறார் போலும் என்று எண்ணிக்கொள்கிறான்.

இந்த வசனத்தில் நியாயமும் இருக்கிறது, அநியாயமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது பிள்ளைகளைப் பெற்ற நம் எல்லாருடைய கடமை.

நியாயம் எது? உழவனுடைய பாடு உழவனுக்குத்தான் தெரியும். பிலவக்கல் அணைக்குத் தண்ணீர் வராத வருஷம் கண்மாய் வறண்டு கிடக்கும். வந்த வருஷமோ, கதிர் முற்றும் வேளையில் மழை பிடித்துக்கொள்ளும். அதற்கும் தப்பினால் மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கும். எல்லாவற்றுக்கும் தப்பி நெல் களத்துக்கு வந்தால் விலை இறங்கிப்போகும். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று முன்னோர் சும்மா சொல்லவில்லை. சொந்த நிலமில்லாமல் நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போகிற குடும்பங்களின் நிலைமை இதைக் காட்டிலும் கடினம். "என்னோடு இது போகட்டும், என் பிள்ளை படித்துப் பிழைக்கட்டும்" என்று விரும்புகிற தகப்பனையும் தாயையும் யார் குறை சொல்லக்கூடும்?

அநியாயம் எது? பாரத்திலிருந்து பிள்ளையை விடுவிக்க விரும்பி, அந்தப் பாரத்தைச் சுமக்கிறவரையே பிள்ளை இகழும்படி கற்பிக்கிறோமே, அதுதான் அநியாயம். விடுதலை வேறு, இகழ்ச்சி வேறு. நம் பிள்ளை டாக்டராகலாம், ஆசிரியராகலாம், வெளிநாடு போகலாம். ஆனால் தனக்குச் சோறு போடுகிற கையை அற்பமென்று எண்ணுகிறவனாய் அவன் போனால், அவன் பெற்ற பட்டம் எத்தனை பெரிதானாலும் அவன் வளர்ப்பிலே ஒரு குறை இருக்கிறது.

வயலருகே வளர்ந்தும் வயலறியாமை

பட்டணத்துப் பிள்ளைகளுக்கு நெல் மரத்தில் காய்க்கிறதா செடியில் காய்க்கிறதா என்று தெரியாது என நாம் பரிகாசம் செய்வதுண்டு. நம் பிள்ளைகளின் காரியம் எப்படி? கான்சாபுரத்துக்கும் வத்திராயிருப்புக்கும் கூமாப்பட்டிக்கும் நடுவே ரஸ்தாவின் இருபுறமும் வயலும் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் இருக்கின்றன. அதன் வழியாகவே பள்ளிக்கூட வேன் போகிறது. உள்ளே இருக்கிற பிள்ளையின் கையில் ஒரு சிப்ஸ் பொட்டலம், கண் செல்போனில். நாற்றங்கால் எது, நட்ட வயல் எது என்று கேட்டால் விழிக்கிறான். குறுகிய காலப் பயிருக்கே விதைத்ததிலிருந்து அறுப்பு வரை 105 முதல் 120 நாள் ஆகும் என்பதை அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

ஆகவே வயலுக்குப் பக்கத்தில் குடியிருப்பதால் மாத்திரம் பிள்ளைக்கு வயல் சொந்தமாகிவிடாது. ஒருவர் கையைப் பிடித்து அழைத்துப்போய் வரப்பிலே நிறுத்திக் காட்டவேண்டும். அதை வீடும் பள்ளியும் சேர்ந்து செய்யவேண்டும் என்பதே இங்கே நாம் சொல்லவந்த விஷயம்.

"படிக்க அனுப்பினேன், மண் வெட்டவா?"

இதைச் சொன்னவுடனே ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவோம். "ஐயா, என் தகப்பன் மண் வெட்டினார், நானும் வெட்டுகிறேன். என் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினது அவன் கையில் புத்தகம் இருக்கவேண்டும் என்பதற்காக. அங்கேயும் மண்வெட்டியா?" இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இதற்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது.

1937-இல் வார்தாவில் கூடிய மகாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தார். கைத்தொழிலை நடுவாக வைத்து, அதன் வழியாகவே கணக்கும் மொழியும் அறிவும் கற்பிக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். நமக்கு அருகிலேயே, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குப் போகிற பாதையில், டி. கல்லுப்பட்டியில் 1940-இல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம் இந்த வழியைப் பின்பற்றியது. தஞ்சாவூரில் 1892-இல் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, லண்டனிலும் அமெரிக்காவிலும் படித்து, பிறகு கிராமத் தொழில்களுக்கே தம்மை ஒப்புக்கொடுத்த பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா தம் கடைசி வருஷங்களை அங்கேதான் கழித்தார். 1960-இல் அவர் காலமானார். கையால் உழைப்பதும் மூளையால் உழைப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அவரே சாட்சி.

இப்படி நல்ல நோக்கத்தோடு பிறந்த எண்ணமும் தவறான வழியில் போனால் காயப்படுத்தும். 1953-இல் சென்னை இராஜ்யத்தில் முதலமைச்சர் இராஜாஜி கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தினம் மூன்று மணி நேரம். மற்ற நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகவேண்டும். மக்கள் அதைக் குலக்கல்வி என்று அழைத்துக் கடுமையாய் எதிர்த்தார்கள். குயவர் மகன் குயவனாகவும், கூலிக்காரர் மகன் கூலிக்காரனாகவும் நின்றுபோக இது வழியாகும் என்று அஞ்சினார்கள். அந்த அச்சம் வெறும் கற்பனையல்ல. தலைமுறை தலைமுறையாய்ப் பிறப்பைப் பார்த்தே வேலை கொடுக்கப்பட்ட நாட்டில் அப்படி அஞ்சாமல் இருக்கமுடியுமா? 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

அதே காமராசர், நம் விருதுநகரில் பிறந்து, வறுமையால் இளமையிலேயே பள்ளிப் படிப்பை நிறுத்தினவர், 1956-இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். பசித்த வயிற்றோடு பிள்ளை படிக்கமுடியாது என்பது அவர் கண்ட எளிய உண்மை. சர்க்காரின் பணத்தோடு ஊராரும் பங்கு கொடுத்து அதை நடத்தினார்கள். 1982-இல் எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2024-இல் கிராமங்களிலுள்ள உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1953-இன் திட்டம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியே, தகப்பன் தொழிலுக்கு அனுப்பிற்று. 1956-இன் திட்டமோ சோற்றைப் பள்ளிக்குள்ளே கொண்டுவந்து, எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் உட்காரவைத்தது. ஒன்றை மக்கள் தள்ளினார்கள், மற்றதை நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். நமக்கு வேண்டிய பாடம் இதிலேயே இருக்கிறது.

மூன்று நிபந்தனைகள்

ஆகையால் பிள்ளைகளைத் தோட்டத்துக்கும் வயலுக்கும் அழைத்துப் போகையில் மூன்று நிபந்தனைகளைக் காக்கவேண்டும்.

முதலாவது, எல்லாப் பிள்ளைகளும் செய்யவேண்டும். வாத்தியார் மகனும், கடைக்காரர் மகளும், கூலிக்காரர் மகனும் ஒரே மண்வெட்டியை மாற்றி மாற்றிப் பிடிக்கவேண்டும். இன்ன தெருப் பிள்ளை குப்பை அள்ளட்டும், இன்ன வீட்டுப் பிள்ளை நோட்டில் எழுதட்டும் என்று பிரித்தால் அந்தத் தோட்டம் அன்றைக்கே பட்டுப்போயிற்று. பெண்பிள்ளை பெருக்கவும் பையன் தண்ணீர் மோட்டாரைப் போடவும் என்று பிரிப்பதும் இதே குற்றந்தான்.

இரண்டாவது, அது தண்டனையாய் இருக்கக்கூடாது. வகுப்பில் பேசினவனை வெயிலில் புல் பிடுங்க அனுப்புகிற வழக்கம் எங்காவது இருந்தால் அதை ஒழிக்கவேண்டும். தகப்பனார் திண்ணையில் சொன்ன அநியாயத்தைப் பள்ளிக்கூடம் செய்கையிலே காட்டுவதாகும் அது. நன்றாய் நடந்துகொண்ட பிள்ளைக்குக் கிடைக்கிற பாக்கியமாய்த் தோட்டம் இருக்கட்டும்.

மூன்றாவது, விளைச்சல் அல்ல, பிள்ளையே நோக்கம். பள்ளிச் செலவுக்காகப் பிள்ளைகளின் உழைப்பை எதிர்பார்க்கக்கூடாது. ஆதாரக் கல்வியிலும் இவ்விடத்தில்தான் பலர் தடை சொன்னார்கள். வாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் போதும். பூச்சி மருந்து, களைக்கொல்லி இவற்றைப் பிள்ளைகள் தொடவே கூடாது. கிணற்றருகே பெரியவர் இல்லாமல் போகக்கூடாது. புதரில் கை வைக்குமுன் கோலால் தட்டிப் பார்க்கப் பழக்கவேண்டும்.

தோட்டமும் அண்டாவும்

2019-இல் மத்திய கல்வித் துறை பள்ளிகளில் சத்துணவுத் தோட்டம் போட வழிமுறைகளை வெளியிட்டது. இடமில்லாத பள்ளி தொட்டியிலாவது வளர்க்கலாம். மதிய உணவு விதிப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி என்று கணக்கு. அறுபது பிள்ளைகள் என்றால் தினம் மூன்று கிலோ காய்கறி. அவ்வளவையும் பள்ளித் தோட்டமே கொடுத்துவிடும் என்று நாம் நினைக்கவேண்டாம். அண்டாவை நிரப்புவது அதன் வேலையல்ல.

அதன் வேலை வேறு. வீட்டிலே கீரையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுகிற பிள்ளை, தான் விதை தூவி, தண்ணீர் ஊற்றி, இருபத்தைந்து நாள் எட்டி எட்டிப் பார்த்த சிறுகீரை சாம்பாரில் விழுந்த அன்றைக்கு, தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்பான். புத்திமதியாலே ஆகாத காரியம் அது. பள்ளி மூலையில் ஒரு முருங்கையும், ஒரு பப்பாளியும், ஒரு கறிவேப்பிலையும் இருந்தால் வருஷக்கணக்கில் பலன் தரும். பிள்ளைகள் கை கழுவுகிற தண்ணீரையே ஒரு வாய்க்கால் கீறி அவற்றுக்கு விடலாம். ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழியை மனப்பாடம் செய்த பிள்ளை, ஆடியில் வெண்டை விதையை ஊன்றி ஒன்றரை மாதத்தில் காயைப் பறித்தால், பழமொழிக்கு அர்த்தம் கண்டுகொள்வான்.

தோட்டம் போடுவது எளிது, காப்பது கடினம். ஆடு நுழையும், மயில் இறங்கும். எல்லாவற்றிலும் பெரிய சோதனை சித்திரை வைகாசி விடுமுறை. பள்ளி மூடினால் தண்ணீர் ஊற்றுகிறவர் யார்? அநேகப் பள்ளித் தோட்டங்கள் ஜூனில் வெறும் கட்டாந்தரையாய்க் காட்சியளிப்பது இதனாலேதான். இங்கே பங்குக் குடும்பங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. எட்டுக் குடும்பங்கள் வாரத்துக்கு ஒன்றாய் முறை வைத்துக்கொண்டால் இரண்டு மாதம் ஓடிவிடும்.

வயிற்றுக்கும் இதில் நன்மை உண்டு. 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தச் சோகை. முருங்கைக் கீரையும் அரைக்கீரையும் கொல்லையிலே முளைக்கிற நாட்டில் இப்படி. இன்னொரு கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். 1890-களில் ஜாவாத் தீவில் எய்க்மன் என்ற டச்சு வைத்தியர், வெள்ளை வெளேரென்று தீட்டின அரிசியைத் தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதையும், தவிடு போகாத அரிசியைத் தின்றதும் எழுந்து நடப்பதையும் கண்டார். 'பெரிபெரி' என்னும் நோய்க்குக் காரணம் தெரியவந்தது இந்த வழியாகத்தான். 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நெல்லை அவித்துக் காயப்போடும் நம் பாட்டிமார் எந்தப் பரிசும் வாங்கவில்லை. ஆனாலும் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கி நிற்கிறது என்பதை விஞ்ஞானம் இன்றைக்கு ஒப்புக்கொள்ளுகிறது.

வரப்பிலே ஒரு பாடம்

தோட்டத்தோடு நின்றுவிடாமல், வருஷத்தில் இரண்டு தரமாவது பிள்ளைகள் வயலுக்குப் போகவேண்டும். நடவுக்கு ஒரு தரம், அறுப்புக்கு ஒரு தரம். அங்கே அவர்களுக்குப் பாடம் சொல்லுகிறவர் வாத்தியாராக இருக்கவேண்டாம். அந்த வயலை உழுகிற பெரியவரும், நாற்று நடுகிற அம்மாவும் சொல்லட்டும். "பெரியம்மா, குனிந்து குனிந்து நடுகிறீர்களே, முதுகு வலிக்காதா?" என்று ஒரு பெண்பிள்ளை கேட்கட்டும். "ஒரு நாளைக்கு எவ்வளவு கூலி?" என்று ஒரு பையன் கேட்கட்டும். அந்தப் பதிலைக் கேட்டு, கடையில் ஒரு கிலோ அரிசி விலையோடு ஒப்பிட்டு, பள்ளிக்குத் திரும்பிக் கணக்குப் போடட்டும். அதைவிடச் சிறந்த கணக்குப் பாடமும் நீதிப் பாடமும் வேறில்லை.

ஒருவேளை அந்தப் பெரியவர், "எனக்கு என்ன தெரியும், நான் படிக்காதவன்" என்று தயங்குவார். முப்பது பிள்ளைகள் தம்மைச் சுற்றி நின்று, தாம் சொல்லுகிறதை நோட்டில் எழுதுகிறதைக் காணும்போது அவர் நெஞ்சு நிமிரும். அந்தக் கூட்டத்தில் அவருடைய பேரனும் நின்றால், அன்றைக்கு அவன் வீட்டுக்குத் திரும்புகிற நடையே வேறாயிருக்கும். மாடு மேய்ப்பது தண்டனை என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதுதான் மருந்து.

நம் வேதத்தோடும் இது சம்பந்தப்பட்டது. சேசுநாதர் மோட்ச இராச்சியத்தைப் பற்றிப் பேசும்போது எங்கேயிருந்து உவமை எடுத்தார்? விதைக்கிறவன், கடுகு விதை, களை, திராட்சைக் கொடி, அத்திமரம். ஒரு விதையும் ஊன்றியறியாத பிள்ளைக்கு இவை பாதிதான் விளங்கும். பூசையில் அப்பத்தை ஒப்புக்கொடுக்கும்போது, அது நிலத்தின் விளைவும் மனிதரின் உழைப்பின் பயனும் என்று குருவானவர் சர்வேசுரனிடம் எடுத்துச் சொல்லுகிறார். அந்த மனிதர் யாரென்று பிள்ளைக்குத் தெரியவேண்டாமா? கர்த்தர் கற்பித்த செபத்தில் அனுதின உணவை எனக்கு என்றல்ல, எங்களுக்கு என்றே கேட்கிறோம். அந்த 'எங்களுக்கு' என்பதில் உழுதவரும் நட்டவரும் சமைத்தவரும் அடக்கம். 2015-இல் 'லவுதாத்தோ சி' என்ற சுற்றுமடலில் பாப்பரசர் பிரான்சிஸ், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் செபிக்கும் வழக்கத்தை மீண்டும் கைக்கொள்ளும்படி நம்மைக் கேட்டார். அந்தச் சிறு வேளை, உழைத்து உணவைத் தந்தவர்களை நன்றியோடு நினைப்பதற்கும், இல்லாதவர்களோடு நம்மைச் சேர்த்துக்கொள்ளுவதற்கும் உரியது என்று அவர் விளக்கினார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

இதெல்லாம் பள்ளியின் வேலை என்று நாம் கைகழுவிவிட முடியாது. முதல் தோட்டம் வீட்டுக் கொல்லை, முதல் வாத்தியார் தாயார். இவ்வாரமே செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறோம். உடைந்த ஒரு குடத்தில் மண் நிரப்பி, பிள்ளையின் கையாலேயே கொத்துமல்லியோ கீரையோ விதைக்கச் செய்யுங்கள். சந்தைக்கோ கடைக்கோ போகையில் அவனையும் அழைத்துப் போய், இந்தக் காய் எந்த ஊரில் விளைந்தது என்று விசாரிக்கப் பழக்குங்கள். பொட்டலப் பண்டத்துக்குக் கொடுக்கிற காசில் ஒரு சீப்பு வாழைப்பழமோ, பருவத்தில் நம் தோப்பு மாம்பழமோ வாங்கிக் கொடுங்கள். தட்டில் சோற்றை மீதம் வைத்தால் அடிக்கவேண்டாம், அது வந்த வழியைச் சொல்லுங்கள். சாப்பிடுமுன் சிலுவை அடையாளம் போட்டு, "இதை விளைவித்தவர்களை ஆசீர்வதியும்" என்று ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அந்த வசனத்தை இனிமேல் சொல்லாதிருங்கள். பிள்ளை மதிப்பெண் குறைந்து வந்தால், "ஏன் குறைந்தது, எது புரியவில்லை?" என்று கேளுங்கள். படிப்பதற்கு நியாயமான காரணங்கள் எத்தனையோ உண்டு. அறிவு ஒளி பெறுவது ஒன்று, குடும்பம் தலைநிமிர்வது ஒன்று, ஊருக்கு உதவுவது ஒன்று. தாத்தாவைப் போல் ஆகாமல் தப்புவது அவற்றில் ஒன்றல்ல. மாடு மேய்க்கிறவர் படிக்கத் தவறினவர் அல்ல. அவர் கொண்டுவருகிற பாலைக் குடித்துத்தான் நம் பிள்ளை படிக்க உட்காருகிறான். அவன் எவ்வளவு உயரம் போனாலும், ஒரு நாள் ஊருக்குத் திரும்பி வந்து அந்த வரப்பிலே செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கக் கூசாதவனாய் இருப்பானாகில், அவனை நாம் நன்றாய் வளர்த்தோம் என்று ஆறுதல் கொள்ளலாம்.